சமையலறையில் கேட்ட நேர்காணல்

குழந்தை பிறந்தபின் வேலையை விட்டிருந்த எனக்கு, மென்பொருள்களைச் சோதிக்கும் வேலைக்கு ஆன்லைனில் நேர்காணல் வந்தது. காக்ஸ் டவுன் வீட்டில் அறைக்கதவைச் சாத்திவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தேன். திரையில் மேலாளரின் உதடு அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

இந்த வாய்ப்பும் போயிற்று என்று நினைத்தேன். பதற்றத்தில் வாய்விட்டுப் பேசுவது என் பழக்கம்.

"வால்யூம் ஃபுல்லா இருக்கு. மியூட் இல்ல. வேற வீடியோவும் கேக்கல, அப்ப மீட்டிங்ல தப்பில்ல. எதுக்கும் இன்னொரு தடவ வால்யூம் பாத்துடலாம்..."

கையில் கரண்டியோடு மாமியார் வந்து நின்றார்.

"ஏம்மா, சமையக்கட்டுல ஒருத்தர் ஹலோ ஹலோன்னு கத்திட்டே இருக்காரு. பதில் சொல்லேன், பாவம்!"

காலையில் அவருக்கு ஜெபப் பாட்டு போட லேப்டாப்போடு இணைத்த ப்ளூடூத் ஸ்பீக்கர் அங்கே இருந்தது. சத்தமெல்லாம் அதற்குப் போயிருக்கிறது. இணைப்பைத் துண்டித்ததும் மேலாளரின் சிரிப்பு கேட்டது. அவரும் தமிழர்தான்.

"மேடம், நீங்க பேசினது எல்லாமே எங்களுக்குக் கேட்டுச்சு. வால்யூமையே மூணு தடவ பாத்தீங்க!"

"சாரி சார், பயத்துல..."

"எதுக்கு சாரி? ஒவ்வொண்ணா பாத்து, இது இல்ல, அது இல்லன்னு ஒதுக்கிட்டே வந்தீங்களே, அதுதான் இங்க வேலையே."

வேலை கிடைத்தது.

கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதை ஒரு வியாதி என்றே நினைத்திருந்தேன். இப்போதும் பார்க்கிறேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுவதில்லை.