அருந்ததியின் காரும் அது போட்ட கூச்சலும்

ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டப் பழகிய பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளவத்தையில் ஒருத்தி இருந்தாள். பெயர் அருந்ததி, கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலை. யுத்தம் முற்றி, பஸ்ஸுக்குள் குண்டு வெடிக்கத் தொடங்கியதும், "இனி பஸ்ஸிலை ஏற மாட்டன்" என்று சொந்தச் சம்பளத்தில் பழைய யப்பான் கார் ஒன்றை வாங்கிவிட்டாள். சந்தன நிறம். பின்னுக்கு எடுக்கும்போது ஏதும் கிட்ட வந்தால் பீப் பீப் என்று எச்சரிக்கும் கருவியும் அதில் உண்டு. அதை நம்பித்தான் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே காரை நிறுத்துவாள்.

கணவர் நாகேந்திரம் ஒரு நாளும் அதில் ஏறவில்லை. "உம்மடை ஓட்டத்துக்கு என்ரை ஆயுள் காணாது" என்பார். நக்கலில் அந்த மனுசனை ஆர் வெல்ல!

வியாழக்கிழமை வந்தது வினை. காலி வீதிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் பின்னுக்கு எடுக்கச் சொன்னான். ரிவேஸ் போட்டதுதான் தாமதம், கார் விடாமல் கத்தத் தொடங்கியது. பின்னால் ஒரு பூனைகூட இல்லை. "ஏ சத்தே மொகக்த?" என்று, அது என்ன சத்தம் எனச் சிங்களத்தில் அதட்டி, துவக்கை நீட்டியபடி ஓடி வந்தார்கள். சீற்றையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகவிட்டார்கள்.

"காணும். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தன் பார்க்க வாறான். வித்துப்போடுவம்" என்றார் நாகேந்திரம்.

விற்பதா? அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டேனா பார் என்று, கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த றேமண்டுக்குப் போன் எடுத்தாள்.

"எஞ்சினை நிப்பாட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியை மட்டும் போட்டு ரிவேஸ்ல விடுங்க மிஸ். பின் பம்பர்ல நாலு வட்டக் கண் இருக்கு. ஒவ்வொண்டிலயும் காதை வச்சுக் கேளுங்க. டிக் டிக் எண்டு கேட்டா உசிரோட இருக்கு."

சனிக்கிழமை காலை, சேலை அழுக்காகுமே என்றும் பாராமல் நிலத்தில் குந்திவிட்டாள். முதல் கண், டிக் டிக். அடுத்தது, டிக் டிக். மற்ற இரண்டும் அப்படியே! வயரில் பழுதில்லை, கண்ணிலும் பழுதில்லை. அப்படியென்றால் கண்ணை எதுவோ மறைக்கிறது. நகத்தால் சுரண்டினாள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. காரின் நிறமேதான் அதற்கும், பிறகு எப்படிக் கண்ணில் படும்? மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அட, சந்தனம்! பொட்டுக்கு மேல் பொட்டாக ஏறித் தடித்துப்போயிருந்தது.

ஈரத்துணியால் நாலையும் துடைத்தாள். கார் கப்சிப். துள்ளிக் குதிக்காத குறையாக மேலே ஓடினாள்.

"கார் சரி. ஆரோ அதுக்குப் பின்னாலை சந்தனத்தை அப்பி வைச்சிருக்கினம்."

நாகேந்திரம் பத்திரிகையைத் தாழ்த்தவேயில்லை.

"நீங்களோ?" என்று கேட்டாள். "கோயில் பக்கமே போகாத ஆள்."

"முன்னுக்கு வைச்சா உமக்குத் தெரிஞ்சிடும். பின்னுக்கு அந்த நாலு வட்டமும் பொட்டு வைக்கத் தோதாக் கிடந்தது. விடிய வெளிக்கிட்டுப் போறீர். பின்னேரம் வந்து சேருமட்டும் நான் வேறை என்னத்தைச் செய்யிறது?"

அருந்ததிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் போய் அந்தப் பத்திரிகையை மெல்ல வாங்கி வைத்தாள்.

"நாளைக்கு வாறவனை வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். "பொட்டை இனி எனக்கு வையுங்கோ."

நாகேந்திரம் எழும்பிப் போய்ப் போனை எடுத்தார்.