காசுக்கு வந்த கூட்டம்

என் அத்தான் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுகிற வேலை. கேட்டால் சின்ன வேலையாகத்தான் தெரியும். ஆனால் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவருக்குப் பயப்படுவார்கள். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த வண்டிக்கு இரண்டு நிமிடம் என்றுதான் எழுதுவார். டீ வாங்கிக் கொடுத்தாலும் அது ஒன்றரை ஆகாது. பணிமனையில் அவருக்கு "முள்ளு" என்று பட்டப்பெயர். கடிகார முள்ளா, காலில் குத்துகிற முள்ளா என்று ஒரு டிரைவரிடம் கேட்டேன். ரெண்டும்தான் என்றார்.

என் அக்கா அவருக்கு நேர் எதிர். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று போனால் ஒரு மணி நேரம் கழித்து, நாலு வீட்டுக் கதையோடு வருவாள். எங்கள் பகுதியில் இருந்த சின்ன அரசு மருந்தகத்தில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் உதவியாளர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை உறையின் மேல் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து கொடுப்பாள். சூரியனுக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. அவளுடைய நிலா பெரும்பாலும் வாழைப்பழம் போல இருக்கும். அதைச் சொன்னால் என் தலையில் குட்டுவாள்.

அந்த மருந்தகத்தை மூடிவிட்டு, பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. எதிர்க்கட்சி கண்டனக் கூட்டம் போட்டது. அக்கா எந்தக் கட்சியிலும் இல்லாதவள். கூட்டத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் கிண்டலடித்தேன்.

"எந்தக் கட்சின்னு பாத்தா போறேன்? மூடாதீங்கன்னு சொல்றதுக்கு வேற எடம் இருந்தா சொல்லுடா, அங்க போறேன்" என்றாள்.

அன்று காலை அத்தான் வேலைக்குக் கிளம்பும்போது, "ரெண்டு பத்து வண்டில போயிட்டு ஏழு மணிக்குள்ள வந்துருவேன்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது. சாயங்காலம் மைதானத்தின் பக்கத்துத் தடுப்பு சரிந்து, கூட்ட நெரிசலில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அதில் என் அக்காவும் ஒருத்தி.

ஏழு மணிக்கு நானும் அத்தானும் பிணவறைக்கு வெளியே நின்றிருந்தோம். எதிரே டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "காசுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் லாரிகளில் ஏற்றி வரப்பட்ட கும்பல் முண்டியடித்ததில் மூன்று பேர் பலி" என்று செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள். அடுத்த செய்தி, அதே நாளில் நடந்த ஆளுங்கட்சியின் பாலத் திறப்பு விழா. அங்கே வந்தவர்கள் கும்பல் இல்லை, "தன்னெழுச்சியாகத் திரண்ட மக்கள் வெள்ளம்". அதே வாய், அதே மூச்சு. குரல் மட்டும் தேனாக மாறியது. அத்தான் அந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அதை அப்படியே விட்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விடாமல் செய்தது அவருடைய மகளின் போன். அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் காலை முதல் இரவு வரை அந்தச் சேனல்தான் ஓடும். எல்லாம் முடிந்து அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போன மறுவாரம் போன் செய்தாள்.

"இங்க எல்லாரும் கேக்குறாங்கப்பா. அம்மா நிஜமாவே காசு வாங்கிக்கிட்டா போனாங்க?"

எல்லாரும் கேட்கிறார்கள் என்றுதான் சொன்னாள். அவளும்தான் கேட்கிறாள் என்பது அத்தானுக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று இவர் சொன்னார். சரிப்பா என்று அவள் சொன்னாள். அந்தச் சரி சரியாக இல்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, வெச்சிடறேன்பா. ஒரே பெண். அம்மாவின் பேச்சே அந்தப் போனில் வராது.

எனக்குத் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை. அத்தான் வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாப்ள, அந்த டிவிக்கு ஒரு புகார் அடிக்கணும். அவங்க சொன்னத அவங்களே இல்லன்னு சொன்னாத்தான் அவ நம்புவா" என்றார்.

நான் ஆவேசமாக அடித்தேன். ஊடக தர்மம், விலைபோன பேனா என்று நாலு வரி தூக்கலாகவே போட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அடித்தார். மற்றவர்களையும் சேர்த்து எழுதலாமே, அந்தக் கூட்டம் முழுக்கவா காசுக்கு வந்தது என்றேன்.

"மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது. தெரியாதத எழுதாத. அவளப் பத்தி மட்டும் அடி."

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "என் மனைவி அன்று இரண்டு பத்து பேருந்தில் சொந்தமாகப் பயணச்சீட்டு எடுத்துச் சென்றாள். லாரியில் செல்லவில்லை. யாரிடமும் காசு வாங்கவில்லை. தங்கள் செய்தியை அவளைப் பொறுத்தவரை திரும்பப் பெற வேண்டும்."

பதில் வந்தது. "அன்புள்ள நேயரே, தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தொடர்ந்து எங்களோடு இணைந்திருங்கள்." நேயர் என்றால் நேசம் வைத்தவர். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரைப் பார்த்து அன்புள்ள நேயரே என்கிறானே, இவனை என்ன செய்யலாம் என்று நான் கத்தினேன். அத்தான் தேதி குறித்துக்கொண்டு, அடுத்ததை அடி என்றார். வாரம் ஒன்று. இடையில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் வாரம் ஒன்று. ஊரில் சிலர் அவரைப் பார்த்தால், "என்ன, நேயர், பதில் வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முள்ளு போய் நேயர் வந்தது. அவர் கோபப்படவில்லை. இன்னும் இல்லை என்று நிஜமாகவே பதில் சொல்வார்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் கடைக்கு போன் வந்தது. சேனலின் நேயர் குறைகேட்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். புதிதாகச் சேர்ந்தவளாம். பழைய கடிதங்களை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். "ஐயா, அவங்க பஸ்லதான் வந்தாங்கங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? இருந்தா முழுசா எழுதி அனுப்புங்க, நான் மேல வைக்கிறேன்" என்றாள். அவள் குரலில் நடிப்பு இல்லை. அத்தானின் முகத்தில் அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

டிக்கெட் இருந்திருக்க வேண்டிய பர்ஸ் நெரிசலிலேயே போய்விட்டது. ஆனால் வண்டி போனதற்குத் தாள் இருக்குமே. அதுவும் அவர் கையாலேயே எழுதிய தாள். இருவரும் பணிமனைக்குப் போனோம். இப்போதைய டைம் கீப்பர் அவரிடம் வேலை பழகியவர். எழுந்து நின்று நாற்காலியைக் கொடுத்துவிட்டு, பரணிலிருந்து அந்த மாதத்துத் தாள்கட்டை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பணிமனையில் வண்டிகளை நேரத்தைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு வண்டி நாள் முழுக்க ஓட வேண்டிய ஓட்டத்துக்கு ஒரு எண் உண்டு. மேலிடத்திலிருந்து போனில், ஏழாம் எண்ணை நிறுத்து, ஒன்பதை நிறுத்து என்பார்கள். எந்த எண்ணில் எந்தெந்த நேரம் அடங்கியிருக்கிறது என்பது டைம் கீப்பரின் மண்டைக்குள் இருக்கும். இரண்டு பத்து வண்டி நாலாம் எண்ணில் என்பது அத்தானுக்குப் பதினாறு வருடப் பாடம். அக்கா இறந்த அந்த வாரம்தான் புது அட்டவணை வந்து, அது ஒன்பதாம் எண்ணுக்கு மாறியிருந்தது.

தாளில் ஒன்பதாம் எண்ணுக்கு நேரே சிவப்புக் கோடு. பக்கத்தில் அத்தானின் கையெழுத்தில், "பாலத் திறப்பு விழாவுக்கு அனுப்பப்பட்டது." அன்று காலை பதினோரு மணிக்கு வந்த உத்தரவு. விழாவுக்கு ஆள் ஏற்றப் பன்னிரண்டு வண்டிகள். கீழே அவருடைய கையொப்பம், நேரத்தோடு.

அவர் அந்த வரியில் விரலை வைத்தார். அட்டவணையை வாங்கி ஒன்பதாம் எண்ணைப் பார்த்தார். திரும்பத் தாளைப் பார்த்தார். "நாலுன்னு நெனச்சேன்" என்றார். புது டைம் கீப்பர் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தான் தம்ளரை வாங்கி, குடிக்காமலே மேஜையில் வைத்தார்.

அங்கிருந்து நேராக எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். எதிரே பஞ்சர் கடை. இத்தனை நாளும் அந்தக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் போனாள் என்பதில் சந்தேகமே இல்லையே.

"அக்காவா? நல்லா ஞாபகம் இருக்கு சார்" என்றார் பஞ்சர் கடைக்காரர். "ரொம்ப நேரம் நின்னாங்க. நல்ல வெயில். ரெண்டு லாரி நிறுத்திக் கூப்பிட்டாங்க, வேணாம்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு அனுப்புற வண்டி, வராம இருக்காதுன்னாங்க. அப்பறம் மூணாவதா ஒரு லாரி வந்துச்சு. அதுல ஏறிட்டாங்க."

"எத்தன மணிக்கு?"

"டியூப் மாத்திக்கிட்டிருந்தேன் சார். மணி பாக்கல."

அன்று சாயங்காலம் அத்தான் என் கடைக்கு வந்தார். கடிதத்தில் லாரி என்று ஒரு வார்த்தை வரக்கூடாது என்று நான் தலைகீழாக நின்றேன். "அவ காசு வாங்கல. அதுதான நமக்கு வேணும்? பஸ்ஸோ லாரியோ, அவனுக்கென்ன? ஆதாரம் கெடைக்கலன்னு எழுதுவோம், அத்தான்" என்றேன்.

"எந்தத் தாள்லயும் நான் பொய் எழுதுனதில்ல மாப்ள. அவளுக்காக எழுதற தாள்லயா எழுதுவேன்?"

அடித்தேன். "என் மனைவி பேருந்தில் சென்றதாக இதுவரை எழுதியது தவறு. அவள் லாரியில்தான் சென்றாள். ஏனென்றால் அவள் காத்திருந்த பேருந்தை, மேலிட உத்தரவின்படி ஆளுங்கட்சி விழாவுக்குத் திருப்பிவிட்டவன் நான். அதன் தாள் நகலை இணைத்துள்ளேன். அவள் யாரிடமும் காசு வாங்கவில்லை. மருந்தகத்தை மூட வேண்டாம் என்று சொல்லப் போனாள்." அக்காவின் போட்டோ ஒன்றையும் வைக்கச் சொன்னார். ஆள் இன்னார் என்று தெரியட்டும் என்றார்.

ஒன்பதாம் நாள் ஏழு மணிச் செய்தியில் வந்தது. அப்போது நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். "கூட்ட நெரிசல் விவகாரத்தில் புதிய திருப்பம்" என்றாள் அதே பெண். "பலியான பெண் லாரியில்தான் அழைத்து வரப்பட்டார். கணவரே ஒப்புதல். எதிர்க்கட்சியின் பொய் அம்பலம்." திரையில் என் கடையில் நான் அடித்த கடிதம். "லாரியில்தான் சென்றாள்" என்ற இரண்டு வார்த்தைக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள். மற்றதெல்லாம் கலங்கலாக, படிக்க முடியாதபடி. ஓரத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். முழுக் கடிதத்தையும்தான் மேலே வைத்தேன் என்று அந்தக் குறைகேட்புப் பிரிவுப் பெண் பிறகு ஒருநாள் போன் செய்து அழுதாள். நான் அவளை நம்புகிறேன். இரண்டு வருடப் புகாருக்கு அந்தச் சேனல் செய்த ஒரே காரியம் இதுதான்.

நான் டிவியை அணைத்தேன். அந்தக் கடிதத்தை அடித்தது இந்தக் கைதானே. ஐந்து நிமிடம் இருக்கும், அத்தானின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனில் பேசுகிறவர் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"டிவில போட்டாங்கப்பா" என்றாள் மகள். "அம்மா லாரிலதான் போனாங்களாமே. நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமே."

"ஆமாம்மா. லாரிலதான் போனா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பஸ்ஸுக்குத்தான் நின்னா. அந்த பஸ்ஸ நிறுத்துனது நான்தான்மா. அந்தப் பால விழாவுக்கு ஆள் ஏத்த அனுப்பிட்டேன். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. ரெண்டு லாரிய வேணாம்னு சொல்லிட்டு, நான் அனுப்புற வண்டி வரும்னு நின்னிருக்கா."

அழுகிற குரலில், சின்னப் பிள்ளை போல, அவள் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்பா நின்னாங்க?"

அத்தான் வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருடம் யார் எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொன்ன மனிதர். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார். "யாரும் எழுதி வைக்கல."