புல்லாங்குழலுக்கு ஐந்து நட்சத்திரம்

என் அக்காவின் கணவர் நேரில் எனக்கு மாமா, முதுகுக்குப் பின்னால் 'காது'. ஹெட்போன் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கூப்பிட்டால் திரும்பமாட்டார், தோளில் தட்ட வேண்டும். அப்பேர்ப்பட்டவர்தான், காது கொடுத்துக் கேட்கும் விளையாட்டு ஒன்றைச் செய்கிறேன் என்று இருந்த வேலையை விட்டார். மூன்று வருடம் ஆகிவிட்டது. படம் வரைகிறேன் பேர்வழி என்று நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

விளையாட்டு இதுதான். நிஜப் புல்லாங்குழலோடு டேப்லெட் முன்னால் உட்கார வேண்டும். அது குழல் ஒலியிலேயே ஒரு மெட்டை வாசிக்கும். கூடவே நாமும் வாசிக்க வேண்டும். மைக் அதைக் கேட்டு, சுருதி சரியாக இருந்தால் நட்சத்திரம் போடும். நான் வரைந்த பறவை ஒரு கிளை மேலே ஏறும். பறவை பார்க்கக் கொஞ்சம் கோழி மாதிரி இருக்கும், அதை விடுங்கள்.

கற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. அக்கா கிடைத்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லப்பட்டவள் அவள். அவளே வாசித்துவிட்டால் யாரும் வாசிக்கலாம் என்பது மாமாவின் கணக்கு. தினமும் சாயங்காலம் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். எட்டு மாதத்தில் ஒருநாள் தப்பவில்லை. நாங்கள் முன்னறையில் ஹெட்போனோடு இருப்போம். தண்ணீர் குடிக்கக் கழற்றினால் சுவருக்கு அந்தப் பக்கம் குழல் கேட்கும். பிசிறே இருக்காது. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

முதலீடு செய்கிறவர்கள் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். இந்த விளையாட்டில் மட்டுமே கற்றுக்கொண்ட ஒருவர் அவர்கள் எதிரில் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான். அக்காவிடம் சொன்னோம். "பாக்கலாம்" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கடைசியாக ஒருமுறை சோதிக்கலாம் என்று மாமா அவளுடைய டேப்லெட்டை மேசைமேல் ஓடவிட்டு, குழலை எடுக்க உள்ளே போனார். அதற்குள் மெட்டு ஆரம்பித்துவிட்டது. வாசிக்க யாருமில்லை. பறவை ஏறியது. அவர் திரும்பி வந்தபோது ஐந்து நட்சத்திரமும் விழுந்திருந்தன.

டேப்லெட் தான் வாசிப்பதைத் தானே கேட்டுத் தனக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் சோதித்ததெல்லாம் ஹெட்போனோடு, அதனால் அந்த மெட்டு மைக்குக்குப் போனதே இல்லை. அக்காவுக்கு ஹெட்போன் மாட்டினால் தலை வலிக்கும், ஸ்பீக்கரில்தான் வைப்பாள்.

"அப்ப அக்கா வாசிச்சது?" என்றேன்.

மாமா "ம்" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா பையோடு வந்தாள். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல மாமா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நீ தப்பா வாசிச்சாலும் அது சரின்னே சொல்லியிருக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல."

அக்கா பையைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டாவது மாசமே தெரியும். குழலை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன். அது பாட்டுக்கு வாசிக்கும், அது பாட்டுக்கு ஸ்டார் போட்டுக்கும்."

"ஏங்க்கா சொல்லல?" என்று கேட்டது நான்தான்.

அவள் என்னைப் பார்த்தே சொன்னாள். "முடிச்சிட்டு வெளிய வந்தா, ஹெட்போனைக் கழட்டிட்டு, 'இன்னிக்கு எத்தன ஸ்டார்?'னு கேப்பாரு. ஒரு நாளைக்கு அவரு எங்கிட்ட பேசுறது அது ஒண்ணுதான்டா. அதையும் எதுக்குக் கெடுத்துக்கணும்னு இருந்துட்டேன்."

மாமா மறுபடியும் "ம்" என்றார். உட்கார்ந்து கோளாறைச் சரிசெய்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்று முதலீடு செய்கிறவர்களுக்கு நான் தகவல் அனுப்பினேன்.

சாயங்காலம் அக்கா பழக்கதோஷத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். மாமா ஹெட்போனைக் கழற்றி அவளைப் பார்த்தார். கேட்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. மறுபடியும் மாட்டிக்கொண்டார்.