ஆளுயரத்தில் காய்த்த ஏலம்

எழுபதுகளின் கடைசியில் எனக்குச் சினிமாப் பைத்தியம் முற்றியிருந்தது. படம் பார்க்கிற பைத்தியம்கூட அல்ல, சினிமாவை வளர்க்கிற பைத்தியம். நம் நாட்டுப் படங்களுக்கு வெளிநாட்டில் மதிப்புத் தேடித்தருவதற்காகத் தயாரிப்பாளர்களும் கொட்டகை முதலாளிகளும் சேர்ந்து சென்னையில் ஒரு சங்கம் நடத்தினார்கள். போடியிலிருந்து கடிதமாக எழுதித் தள்ளி அதில் உறுப்பினரானேன். வெளிநாட்டு விழாவில் காட்ட ஏலமலையைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம், உங்கள் தோட்டத்துக்கு வரலாமா என்று அவர்கள் கேட்டபோது தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

மலைமேல் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம். நான்தான் மேல்பார்வை. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும், காய்ப்பதோ காலடியில். தூரிலிருந்து பூவும் காயுமாகச் சரம் கிளம்பித் தரையோடு ஓடும். குத்தவைத்து உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். சரம் முறிந்தால் பூவும் பிஞ்சும் சேர்ந்து போச்சு. அதனால் சரம் முறித்த ஆளை அன்றைக்கே மலையை விட்டு இறக்கிவிடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். படம் எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு பெண்ணை அப்படி இறக்கிவிட்டேன். ஒரே ஒரு சரம். கால் இடறி முறிந்தது என்று அழுதாள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பெரிய நீதிமான் மாதிரி சொன்னேன்.

அவளுடைய அம்மாவும் எங்களிடம் காய் எடுத்தவள்தான். போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்துக்காரி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சரம் முறித்தவள் என்று பேர் விழுந்துவிட்டால் பக்கத்துத் தோட்டங்களிலும் சேர்க்க மாட்டார்கள், ஒரு நாளைக்காவது அவளைத் திரும்பக் கூப்பிட்டு அந்தப் பேரை அழித்துவிடுங்கள் என்று தினமும் கேட்டாள். சினிமாக்காரர்கள் வந்து போகட்டும், பார்க்கலாம் என்றேன்.

வந்தார்கள், இரண்டு ஜீப்பில். சங்கத்தின் செயலாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே தோட்டத்தைப் பார்த்தார். பெண்கள் குனிந்தே இருப்பதால் முகம் தெரியவில்லையாம். வெளிநாட்டுக்காரன் முதுகையா பார்ப்பான் என்று கேட்டார். காயைச் சரத்தோடு ஒடித்து மேலே கட்டிவிட்டால் நின்றுகொண்டு சிரித்தபடி பறிக்கலாம் என்று அவரே வழியும் சொன்னார். துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினேன்.

பெண்கள் யாரும் சரத்தில் கை வைக்கவில்லை. நானே முறித்தேன். ஒரு கூடை நிறைய, பூவும் பிஞ்சுமாக. வாழைநாரால் செடியின் நெஞ்சுயரத்தில் கட்டியதும் நான்தான். ஜீப்பில் கொண்டுவந்திருந்த பளபளப்புச் சேலைகளை உடுத்தக் கொடுத்து, அவர்களை மல்லிகை பறிப்பதுபோல் பறிக்கச் சொன்னார்கள். அக்கா மட்டும் சேலை மாற்றவில்லை. என் கையிலிருந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தச் சரத்துக்கு எம் மகளை எறக்கி விட்டீகளே, தம்பி."

"இது வேற சோலி, அக்கா" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன இந்த வாயை என்ன செய்ய?

சங்கத்தின் ஆண்டுவிழாவில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நானும் சென்னைக்குப் போயிருந்தேன். எங்கள் ஏலம் ஆளுயரத்தில் திராட்சையாகத் தொங்கியது. ஒப்பனை இல்லாத உண்மை வாழ்க்கை என்று ஒரு கனத்த குரல் ஆங்கிலத்தில் சொன்னது. ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்ட பெரியவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர்கள்மேல் வந்த அருவருப்பைவிட என் கைகள்மேல் வந்ததுதான் அதிகம்.

ஊர் திரும்பியதும் ராசிங்காபுரம் போய், மகளை நாளைக்கே மலைக்கு அனுப்பச் சொன்னேன். வாசலில் புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அவ வரமாட்டா தம்பி. கூடை நெறயச் சரம் முறிச்ச தோட்டத்துல சோலி பாத்தவங்கிற பேரு வேணாம்னுட்டா."