கூரை போன பியட்

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு எந்த வண்டியையும் இருக்கிறபடி விட்டுவைக்க மனசு வராது. அப்பாவின் பழைய பியட் அவர் கையில் மாட்டியது எங்கள் குடும்பத்தின் கிரகம். நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலை எட்டு மாதம் அடைத்துக்கொண்டு, அதற்குள் ஜீப் எஞ்சினைத் திணித்தார். அது அடங்கவில்லை என்று பானட்டில் ஓட்டை போட்டார். பின்னால் டெம்போ சக்கரம் மாட்டியதும் கார் தலை குனிந்து நின்றது. கேட்டால், "ஸ்டைலே அதான் மச்சான்" என்பார் அப்பாவிடம்.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அக்கா கல்யாணத்துக்காக. கூரையில் திறக்கிற கதவு ஒன்று வைப்பதாகவும், ஊர்வலத்தில் அக்காவும் மாப்பிள்ளையும் அதன் வழியே எழுந்து நிற்கலாம் என்றும் மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

கடைசி வாரத்தில் மாமா காய்ச்சலில் விழுந்தார். காரை வெல்டரிடம் அனுப்பிவிட்டு, "டாப்பு தெறக்கணும்னு அவருகிட்ட சொல்லிட்டு வா" என்று என்னை விரட்டினார். வெல்டருக்குக் கன்னடம்தான் தெரியும்; நான் நாலாவதில் கன்னடத்தில் முதல் மார்க். "டாப் தெகீபேக்கந்தே, மாமா ஹேளித்ரு" என்று ஜம்பமாகச் சொன்னேன். வெல்டர் சந்தேகத்தோடு, "பூரா தெகீபேகா?" என்றார். தாராளமாகத் தலையாட்டினேன்.

ஊர்வலத்தன்று மத்தியானம் கார் மொட்டையாக வந்து நின்றது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெல்டர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவர் தோளில் கைவைத்து நிறுத்தி, "நாந்தான் எடுக்கச் சொன்னேன், காத்தோட்டமா இருக்கும்" என்றார். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தேனே என்று அப்பா கத்தினார். முகூர்த்த நாளில் வேறு கார் எங்கே கிடைக்கும்? பாதி ஊர்வலத்தில் மழை கொட்டியது. அக்காவின் பட்டுப்புடவைச் சாயம் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பின்னால் அக்கா மகனுக்குக் காது குத்தும்போது மடியில் வைக்க வேண்டியவர் மாமாதான். அக்கா பிடிவாதமாக வேறொருவரை உட்காரவைத்தாள்.

கன்னடத்தில் 'தெகி' என்றால் திற என்றும் அர்த்தம், எடுத்துவிடு என்றும் அர்த்தம். முதல் மார்க்காரிக்கு அது அப்போது உறைக்கவில்லை. அன்று ஊர்வலத்தில் என் புதுப் பாவாடை நனைந்துபோன கோபத்தில் நானும் மூன்று நாள் மாமாவோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே வந்து, "தப்பு என்னோடதுதான், பேசு கண்ணு" என்றார். போனால் போகிறதென்று மன்னித்தேன்.