பஸ் திரும்பும் இடம்

மழை வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் ஒரு புளித்த வாடை வரும். கிழக்கே இருந்த, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் களத்தில் குச்சிக்கிழங்குச் சக்கையைக் காயப்போட்டிருப்பார்கள். "திப்பி" என்று அதற்குப் பெயர். ஈரக்காற்று அடித்ததும் அந்தத் திப்பியின் வாடை சன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, கொடியில் காயும் துணியில் ஏறி, கடைசியில் நாங்கள் தின்னும் சோற்றிலும் இறங்கிவிடும். சேலம் டவுனுக்குள் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் பிறந்து வளர்ந்த அம்மாவால் அதைச் சகித்துக்கொள்ளவே முடிந்ததில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இதைப் போயி டவுனுன்னு சொல்லி வித்துட்டாங்களே" என்பாள்.

வெளியூர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. சேலம் நகரமா, இல்லை, வளர்ந்துவிட்ட ஊரா? சிரித்துக்கொண்டு ஏதாவது சொல்லிவிடுவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்த வாடைதான் முதலில் வரும், அதன் பின்னாலேயே பயமும் வரும். நான் வளர்ந்த இடம் இரண்டிலும் சேராதது. அங்கே எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது செவ்வாய்ப்பேட்டை லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கே குடிபோனோம். மளிகை மண்டிகளுக்குப் பின்னால் இருந்த அந்த லைன் வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து "மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் வரும். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. அவர் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் ஏஜெண்டாக இருந்தார். மாதிரிக் கொலுசுகளை எடுத்துக்கொண்டு வாரம் முழுக்க பெங்களூர், ஹூப்ளி என்று சுற்றிவிட்டு, சனிக்கிழமை ஊர் திரும்பியதும் சரக்கைப் பட்டறைப் பெட்டகத்தில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டில் அம்மாவின் காலிலும் என் காலிலும் கிடந்ததைத் தவிர வெள்ளி என்று எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் "வெள்ளிக்காரர்"தான். "டவுனுக்கு டவுனும் ஆச்சு, காத்துக்குக் காத்தும் ஆச்சு" என்று மனை விற்றவர் சொன்னதை அப்பா வீட்டில் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

அந்த இடத்துக்கு "நகர்" என்று முடியும் பெயர் உண்டு. சோளக்காடாக இருந்ததைச் சமப்படுத்தி, வெள்ளையடித்த கற்களை நட்டு, செம்மண் சாலை போட்டிருந்தார்கள். விளக்குக் கம்பங்கள் நின்றன, விளக்குகள் வரவில்லை. குப்பை அள்ளச் சொல்லி மாநகராட்சிக்குப் போனால் பஞ்சாயத்துக்குப் போகச் சொன்னார்கள், பஞ்சாயத்தில் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்றார்கள். டவுன் பஸ் எங்கள் மனைகளின் ஓரம்வரை வந்து, ஒரு டீக்கடை முன்னால் வட்டமடித்து நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துவிட்டு மறுபடி டவுனுக்குக் கிளம்புவார்கள். யாராவது விலாசம் கேட்டால் "பஸ் திரும்புற எடம்" என்றுதான் சொல்லுவோம். அதற்கு மேல் பஸ் போக ஒன்றுமில்லை என்பது, சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கும்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது ஒரே ஒரு வீடுதான், பூவாயி பெரியம்மாவுடையது; உறவில்லை, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். நடுவில் இரண்டு காலி மனைகள், முழங்காலுக்கு மேல் வளர்ந்த புதர். இரண்டு வீட்டையும் ஒரே மேஸ்திரி ஒரே பிளானில் கட்டியிருந்தார். அதே முகப்பு, அதே பச்சை கேட். பெரியம்மாவுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அவர் கணவர் போர்வெல் ரிக் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். மகளைப் பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. பேச்சுத்துணைக்கு இரண்டு ஆடுகள் மட்டும். கான்கிரீட் வீட்டு வாசலில் ஆடு கட்டுகிறவர்களோடு என்ன பேசுவது என்று அம்மா ஒதுங்கியே இருந்தாள். பட்டணத்துப் பொம்பளை நம்மோடு எங்கே பேசப்போகிறாள் என்று பெரியம்மாவும் ஒதுங்கியே இருந்திருக்கிறார். எங்களைப் பார்த்தால் மட்டும், "சாமி, பள்ளிக்கூடம் உட்டாச்சா?" என்பார்.

அந்த ஐப்பசியில் நாய்கள் செத்தன. அந்தச் சாலையில் திரிந்துகொண்டிருந்த நாய்கள் அத்தனையும் ஒரே காலையில் வாயில் நுரையோடு கிடந்தன. சாலைக் கோடியில் இருந்த ஓரிரு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அள்ளிப்போட யாரும் வரவில்லை. வெயில் ஏற ஏற ஈ மொய்த்தது. பெரியம்மா மண்வெட்டியோடு வந்து காலி மனையில் குழி வெட்டத் தொடங்கினார்; கொஞ்ச நேரம் சன்னலில் நின்று பார்த்த அம்மா, சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கிப் போனாள். நானும் தம்பியும் கேட்டுக்கு உள்ளே நின்றோம்.

"எங்கூர்ல ஒரு நாய் செத்தா ஊரே வந்து என்ன ஏதுன்னு கேக்குமுங்க அம்மிணி" என்றார் பெரியம்மா. "டவுன்ல கேக்கமாட்டாங்களாட்டம்."

"எங்க தெருவுலயும் கேப்பாங்க அக்கா" என்றாள் அம்மா. "இது டவுன் இல்ல."

பெரியம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "அப்பறம் இது என்னதானுங்க?"

அம்மா குழிக்குள் மண்ணைத் தள்ளினாள். அன்றிலிருந்து மாலையில் இருவரும் அவரவர் கேட்டுக்கு வந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். யாரோ நாய்களுக்கு வேண்டுமென்றே விஷம் வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. குரைக்க நாய் இல்லாத இடத்துக்குத்தான் திருடன் வருவான் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா ஜெபமாலையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை வந்த அப்பாவிடம் சொன்னபோது, "தெரு நாய்தானே" என்று அவர் சிரித்தார்.

அது நடந்தது பட்டப்பகலில். பள்ளிவிட்டு நானும் தம்பியும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மேகம் கறுத்திருந்தது. திப்பி வாடை மூக்கை அடைத்தது. டிரைவர் வழக்கம்போல ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு, கண்டக்டரோடு டீக்கடைக்குள் போனார். பெரியம்மா வீட்டைத் தாண்டும்போது தூறல் விழுந்தது. ஆடுகள் வெளியே கட்டியபடியே கிடந்து கத்திக்கொண்டிருந்தன. கதவு சாத்தியிருந்தது. சுவரோரம் ஒரு மொபெட் நின்றது.

வீட்டுக்குள் போனதும் தம்பி, "அம்மா, பெரியம்மா ஆடு நனையுது" என்றான்.

அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் சன்னலுக்கு வந்தாள். ஒரு துளி விழுந்தாலே ஆட்டை அவிழ்த்து உள்ளே கொண்டுபோகிறவர் பெரியம்மா. "பூவாயி அக்கா!" என்று அம்மா கூப்பிட்டாள். ஆடுகள் மட்டும் கத்தின. பெரியம்மா வீட்டுச் சன்னல் திரை ஒரு விரலளவு விலகியது. அதைப் பிடித்திருந்த கை பெரியம்மாவுடையது அல்ல என்பது எனக்கே தெரிந்தது.

அம்மா கத்தவில்லை. எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, கதவைக்கூடப் பூட்டாமல், மழைக்குள் இறங்கினாள். அந்த வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். "ஓடாதீங்க" என்றாள், உதடு அசையாமல். "திரும்பிப் பாக்காதீங்க. கடைக்குப் போற மாதிரி நடங்க." அவள் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. பச்சை கேட்டைக் கடக்கும்போது உள்ளே ஏதோ பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. தம்பி அழத் தொடங்கினான். அம்மா அவன் வாயைப் பொத்தித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தச் செம்மண் சாலை அன்றைக்கு நீண்டுகொண்டே போனதுபோல இருந்தது.

பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்து, சக்கரம் நகர்ந்துவிட்டது. அம்மா நேராகப் போய் அதன் முன்னால் நின்றாள். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டுத் திட்ட வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அந்த வீட்டுல ஒரு அம்மா தனியா இருக்காங்க" என்றாள் அம்மா. "யாரோ உள்ளே பூந்திருக்காங்க. எங்களுக்கு வேற யாரும் இல்லீங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஷிப்ட் முடிந்து டவுனுக்குத் திரும்பும் சேகோ மில் பெண்கள். காலிலும் முழங்கையிலும் மாவு அப்பியிருந்தது. ஒருத்தி எழுந்து, "அண்ணா, வண்டிய உள்ள உடுங்கண்ணா" என்றாள். கண்டக்டர் எங்களை ஏற்றிக்கொண்டார். டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பி, டவுன் பஸ் ஒருநாளும் போகாத அந்தச் செம்மண் சாலையில் இறக்கினார். ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு உடம்பெல்லாம் அந்தச் சத்தம் அதிர்ந்தது.

நாங்கள் போய்ச் சேருமுன் பின்பக்கச் சுவரை இரண்டு பேர் தாண்டிக் குதித்ததைப் பார்த்தேன். ஒருவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். புதருக்குள் மறையுமுன் ஒரு கணம் நின்று, பஸ்ஸையல்ல, எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடிவிட்டான்.

கண்டக்டரும் சில பெண்களும் உள்ளே போனார்கள். என்னை இறங்கவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் துணி திணித்திருந்த இடம் கன்றிப்போயிருந்தது. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு திசையில் தொங்கியது. அதே பஸ்ஸிலேயே, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல், பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு மில்காரப் பெண் தன் துண்டைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினாள். வழியெல்லாம் பெரியம்மா என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரைப் பார்க்க அம்மா என்னையும் அழைத்துப் போனாள். அங்கேதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

"வெள்ளி எங்கே, வெள்ளி எங்கேன்னே கேட்டானுங்க" என்றார் பெரியம்மா. "எனக்கு மொதல்ல புரியலீங்க. அப்பறம் உம்பட ஊட்டுக்காரன் பெங்களூர்ல இருந்து எப்ப வாரான்னு ஒருத்தன் கேட்டானுங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, ஊடு மாறி வந்துட்டானுங்கன்னு."

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருக்கலாமே அக்கா. இது அந்த வீடு இல்லைன்னு சொல்லியிருந்தா கையை உடைச்சிருக்கமாட்டாங்களே."

"பஸ்ஸு ஆரன் கேட்டுச்சுங்க அம்மிணி. கொழந்தைங்க எறங்கி நடந்து வார நேரமுங்க." பெரியம்மா என் தலையில் இடது கையை வைத்தார். "எப்பிடிங்க சொல்லுவேன்?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அவ்வளவு சத்தமாக அழுது நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள், பெரியம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து வந்தார்கள்.

டீக்கடைக்காரர் பிறகு போலீசிடம் சொன்னார். இரண்டு நாள் முன்னால் மொபெட்டில் வந்தவர்கள் வெள்ளிக்காரர் வீட்டை விசாரித்தார்களாம். "பச்சை கேட் போட்ட ஊடுங்க" என்று இவரும் வெள்ளந்தியாகக் கைகாட்டினாராம். மொபெட் திருட்டு வண்டி. அவர்கள் பிடிபடவே இல்லை. பெரியம்மாவின் கணவர் வந்து வீட்டை விற்றுவிட்டு, அவரைப் பள்ளிபாளையத்தில் மகள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அப்பா வெள்ளி வேலையை விட்டு, டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தார். செவ்வாய்ப்பேட்டைக்கே திரும்பலாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், வசதிப்படவில்லை. சன்னல்களுக்கெல்லாம் இரண்டாவது கம்பி வந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்ததை நான் அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகு பல வருடங்கள் நாங்கள் பள்ளிவிட்டு வரும் நேரம் பஸ் திரும்பும் இடத்தில் மழையானாலும் வெயிலானாலும் அவள் நின்றுகொண்டிருப்பாள்.

இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். சேகோ மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அந்த வாடை போய்விட்டது. காலி மனை ஒன்றுகூட இல்லை. நாய்களைப் புதைத்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது. மாநகராட்சி வரவேற்புப் பலகையை எங்களைத் தாண்டி எங்கோ கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். பஸ் இப்போது எங்கள் தெருமுனையில் நிற்கக்கூட யோசிக்கிறது. பெரியம்மாவின் வீட்டை இடித்துக் கட்டிய குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வாசலில் கேமரா இருக்கிறது, எங்கள் வாசலிலும் இருக்கிறது. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மாவைப் பள்ளிபாளையம் அழைத்துப் போயிருந்தேன். பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டு, "சாமி, நல்லாருக்கியா?" என்றார். கேக்கைப் பிட்டு அம்மாவே அவருக்கு ஊட்டிவிட்டாள்.

பிறகு பெரியம்மா கேட்டார். "ஏனுங்க அம்மிணி, இப்ப அங்க டவுனாயிருச்சுங்களா?"

"ஆயிடுச்சு அக்கா. வரிசையா வீடு. இடமே இல்ல."

"அப்ப கூப்புட்டா ஆராச்சும் வருவாங்க, இல்லீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். சாத்திய கேட்டுகள்தான் வரிசையாக வந்தன.

"வருவாங்க அக்கா" என்றாள் அம்மா, குனிந்த தலை நிமிராமல்.