செல்லி அக்கா இறந்த தேதி

என் வீட்டுக்காரர் சென்னப்பன் முப்பது வருடம் அரூரில் கவர்மென்ட் பஸ் கண்டக்டர். ஒரு ஸ்டேஜைக்கூட விடாமல் டிக்கெட் கணக்கு எழுதிப் பழகிய கை, ரிட்டையர் ஆனதும் சும்மா இருக்குமா? நீள நோட்டு ஒன்றை வாங்கிவந்து, குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். கொள்ளுத்தாத்தா தொடங்கி ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த தேதி, இறந்த தேதி வேண்டுமாம்.

"இத்தினி வருசம் கழிச்சு அந்தத் தேதிய வெச்சு யாருங்க தெவசம் குடுக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"நடுவுல ஒரு ஸ்டேஜ் விட்டா செக்கிங்ல மாட்டுவேன் மேகலை."

ஊர் ஊராக அலைந்து எல்லாவற்றையும் நிரப்பினார். அவருடைய அக்கா செல்லியின் தேதி மட்டும் கிடைக்கவில்லை. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். பத்தொன்பது வயதில், கல்யாணம் ஆகாமலே, கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போனாள் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. அப்போது இவருக்கு எட்டு வயது. கன்னியாகப் போனவள் வீட்டுக்குச் சாமி அல்லவா? ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுச்சேலை, வளையல், பூ வைத்துக் கும்பிடுவோம். பூசை முடிந்ததும் அந்தச் சேலையை வீட்டு மருமகள் கட்ட வேண்டும். வாழ வந்த நாள் முதல் நான்தான் கட்டுகிறேன்.

தாலுக்கா ஆபீசில் பழைய பதிவேட்டைப் புரட்டி, அப்படி ஒரு சாவே பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவர் சோறே தின்னவில்லை. "சாமி சாமின்னு கும்புடறோம், எந்த நாள்ல போச்சுன்னுகூட தெரியல. நான் எழுதலைன்னா எங்கக்கா பொறந்ததே பொய்யாப் போயிடும்" என்றார்.

கடைசியில் என் மாமனாரின் கூட்டாளி மாயவனைப் பார்க்கப் போனோம். தொண்ணூறைத் தாண்டிய மனிதர், கட்டிலில் கிடந்தார். எந்த மாசம் என்றாவது சொல்லுங்கள் என்று இவர் கெஞ்சினார்.

"செத்திருந்தாத்தானேடா தேதி?" என்றார் மாயவன்.

இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார். மாயவன் மேலே சொன்னார்.

"கம்பைநல்லூர்ப் பக்கம் சர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரப் பையனோட போயிட்டா. உங்கப்பனும் நானும் வாழைக்கட்டைய கோடித்துணியில சுத்திப் பொதச்சோம். வெளிய சொல்லக்கூடாதுன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் வாங்குனான். வாங்குனவனும் போயிட்டான், நானும் போவப்போறேன். இன்னும் எதுக்கு அத நெஞ்சுல வெச்சுக்கிட்டு?"

அடப்பாவி மனுசா! செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் என் மாமனாரை வீடு வந்து சேரும்வரை திட்டினேன். பெற்ற மகளைத் தலைமுழுகியது போதாதென்று, தம்பியைக் கட்டையின் முன்னால் உட்காரவைத்து அழவும் விட்டிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "அக்கா இருக்குமில்ல மேகலை?" என்றார். அறுபத்து மூன்று வயது ஆள் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

நாலு பேரிடம் விசாரித்து, கம்பைநல்லூருக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி, அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த பெண் இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"உள்ள வாங்க மாமா" என்றாள். செல்லியின் மகள் ஜாஸ்மின்.

உள்ளே சுவரில் மாலை போட்ட போட்டோ. இவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தம்மா நம்ம பஸ்ஸுல வருவாங்களே மேகலை."

எனக்கும் புரிந்துவிட்டது. கம்பைநல்லூர் பஸ்ஸில் இவர் பதினோரு வருடம் ஓடினார். அப்போது வாரம் தவறாமல் ஏறும் ஓர் அம்மாவைப் பற்றி வீட்டில் வந்து சொல்வார். இறங்கும் இடம் வந்தாலும் எழாதாம், கண்டக்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். "எறங்கற எடம்கூட தெரியாதா? உனக்கு வாராவாரம் இதே வேலையா?" என்று இவர் கத்துவாராம். அது சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியே நடந்து போகுமாம். அதைக் கேட்டு நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பாவி நான்.

ஜாஸ்மின் இவர் புருவத்துத் தழும்பைக் காட்டினாள். "அம்மா இடுப்புலேர்ந்து நழுவி விழுந்தீங்களாமே. அத வெச்சுத்தான் பஸ்ஸுல உங்கள அடையாளம் கண்டுபிடிச்சுது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்று நான் அழுதேன்.

"நானும் எத்தனையோ தடவை சொன்னேன் அத்தை. 'அங்க என்னைச் சாமின்னு கும்புட்டு நல்லா இருக்காங்க. நான் உசுரோட போயி நின்னா, கும்புட்ட கையே அடிக்கும். எந்தம்பிய பாத்துட்டேன், போதும்'னுடுச்சு. நீங்க ரிட்டையர் ஆன பின்னாடி அந்த பஸ்ஸுல ஏறவே இல்ல. போன வருசத்துக்கு முந்துன வருசம், மாசி மாசம் போயிடுச்சு."

தேதியையும் சொன்னாள். அத்தனை நாள் அலைந்து தேடிய தேதி. நோட்டு பையில்தான் இருந்தது, இவர் எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் எழுதினார். அவர் வெளியே போன நேரம் எடுத்துப் படித்தேன். பிறப்பு, கல்யாணம், மகள் பெயர், இறந்த தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதற்குக் கீழே, "என் அக்காவைப் பதினோரு வருடம் பஸ்ஸில் பார்த்தேன். ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடவில்லை" என்று எழுதியிருந்தார்.

அந்த வருடம் பொங்கல் வந்தது. பொய்ச் சாவுக்கு இனி எதற்குச் சேலை என்று நினைத்துக்கொண்டு, "இந்த வருசம் சேலை எடுக்கணுங்களா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் எடுக்கணும் மேகலை. இப்பத்தான் எங்கக்கா செத்திருக்குது" என்றார்.